அரிசியை மாத்தினோம், மாத்திரையை நிறுத்தலாமா?

போன மாசம் காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு நண்பரின் தோட்டத்தில் உழவர் சந்திப்பு நடந்தது. அமிர்தக் கரைசலில் ஆரம்பித்த பேச்சு, மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்ததும் சர்க்கரைக்கு வந்துவிட்டது. "யார் யாருக்கு இருக்கு, கை தூக்குங்க" என்று ஒருத்தர் விளையாட்டாகக் கேட்டார். ஏறக்குறைய பாதிப் பேர் தூக்கினோம். நானும்தான்.

அப்போது மூத்த விவசாயி ஒருத்தர், "தம்பி, நான் ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க" என்று ஆரம்பித்தார். எட்டு வருசமாக மாத்திரை சாப்பிட்டவர். இயற்கை விவசாயத்துக்கு வந்த பிறகு வீட்டில் வெள்ளை அரிசியை நிறுத்தி, தன் வயலில் விளைந்த காட்டுயானம், சாமை, கேழ்வரகுக் கூழ் என்று மாறினார். வெள்ளைச் சர்க்கரை போய் நாட்டுச் சர்க்கரை வந்தது.

"உடம்பு லேசா ஆச்சு. சாப்பாடே மருந்துன்னு ஆனப்புறம் மாத்திரை எதுக்குன்னு நிறுத்திட்டேன். டாக்டர்கிட்ட சொல்லல. சொன்னா திட்டுவாரே!"

பத்து மாசம் கழித்து வரப்பில் நடக்கும்போது வலது காலில் கருவேல முள் ஏறியிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. மூணாவது நாள் திண்ணையில் ரத்தக் கறையைப் பார்த்து வீட்டம்மாதான் கண்டுபிடித்தார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது சர்க்கரை 400-க்கு மேல். இரண்டு விரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

"விரல் போனது கூடப் பரவால்ல தம்பி. முள்ளு குத்துனது எனக்குத் தெரியவே இல்ல பாரு, அதை நினைச்சாதான் இன்னைக்கும் பயமா இருக்கு. நம்ம பத்திரிகைல எழுது. பேரு மட்டும் வேணாம்."

அவர் சொன்னதால்தான் இந்தக் கட்டுரை. அவர் சாப்பாட்டை மாற்றியது சரி. அப்புறம் எங்கே தப்பு நடந்தது? அது புரிய வேண்டுமானால் உடம்புக்குள் என்ன நடக்கிறது, ஒவ்வொரு மாத்திரையும் என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

உடம்புக்குள் ஒரு ஏரிப் பாசனம்

நம்ம செங்கல்பட்டு மாவட்டம் ஏரிப் பாசனத்துக்குப் பேர்போன மாவட்டம். அதனால் ஏரியை வைத்தே சொல்கிறேன்.

ரத்தம்தான் ஏரி. சாப்பாட்டில் இருக்கும் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து ரத்தத்துக்கு வருகிறது. இது வரத்து வாய்க்கால். உடம்பில் இருக்கும் கோடிக்கணக்கான செல்கள்தான் வயல்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு மடை. அந்த மடையைத் திறந்துவிடும் ஆள்தான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் இந்த ஆட்களை அனுப்புகிறது.

ஆரோக்கியமான ஒருத்தர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் எந்த நேரமும் இருக்கும் குளுக்கோஸ் வெறும் 5 கிராம் அளவுதான், ஒரு டீஸ்பூன். ஆனால் ஒரு வேளைச் சோற்றில் 75 கிராம் மாவுச்சத்து சாதாரணமாக உள்ளே போகிறது. டீஸ்பூன் கொள்ளுகிற ஏரிக்கு இத்தனை வரத்து. அதை உடனுக்குடன் வயல்களுக்குத் திருப்பிவிடுவது எவ்வளவு பெரிய வேலை என்று பாருங்கள்.

கல்லீரலை மேட்டுக் குளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமான குளுக்கோஸைச் சேர்த்து வைத்து, நாம் தூங்கும் ராத்திரி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடும்.

சிலருக்கு, பெரும்பாலும் சின்ன வயசிலேயே, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் அழிந்துபோகின்றன. மடை திறக்க ஆளே இல்லை. இது முதல் வகை. இவர்களுக்கு இன்சுலின் ஊசிதான் உயிர். எந்த அரிசியும் எந்த மூலிகையும் அதற்கு ஈடாகாது. ஊசியை ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது.

நம்மில் பெரும்பாலோருக்கு வருவது இரண்டாம் வகை. ஆள் வருகிறார், ஆனால் மடை தூர்ந்துபோய்த் திறக்க மாட்டேன் என்கிறது. வயிற்றைச் சுற்றியும் கல்லீரலிலும் சேரும் கொழுப்பு இதற்கு முக்கியக் காரணம். கணையம் இன்னும் ஆள் அனுப்பும், இன்னும் அனுப்பும். வருசக் கணக்கில் இப்படி உழைத்து ஒரு கட்டத்தில் அதுவும் ஓய்ந்துவிடும். மேட்டுக் குளமோ நிலைமை தெரியாமல் ராத்திரி பூரா தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் "ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல, காலையில எப்படி 180 வந்துச்சு?" என்று குழம்புகிறோம்.

ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180-ஐத் தாண்டினால் கலங்கல் வழிகிற மாதிரி சிறுநீரில் வழிய ஆரம்பிக்கும். சிறுநீரில் எறும்பு மொய்க்கும் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். கவனியுங்கள்: எறும்பு மொய்க்கும் வரை காத்திருந்தால் ஏரி ஏற்கெனவே நிரம்பி வழிகிறது என்று அர்த்தம்.

வலிக்காமல் அரிக்கும்

சர்க்கரை கூடினால் உடனே வலிக்காது. அதுதான் இதில் இருக்கும் ஆபத்து. சர்க்கரை மிகுந்த ரத்தம் வருசக் கணக்கில் ஓடும்போது நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுகின்றன. விழித்திரையில் கெட்டால் பார்வை மங்கும். சிறுநீரகத்தில் கெட்டால் வடிகட்டி ஓட்டையாகிப் புரதம் வெளியேறும். நரம்புகளுக்குப் போகும் குழாய்கள் கெட்டால் கால் முதலில் எரியும், ஊசி குத்தும், அப்புறம் மரத்துப்போகும். பெரிய குழாய்களில் அடைப்பு வந்தால் மாரடைப்பு, பக்கவாதம், காலுக்கு ரத்த ஓட்டக் குறைவு.

நம்ம பெரியவருக்கு முள் தெரியாமல் போனது நரம்பு மரத்ததால். புண் ஆறாமல் போனது ரத்த ஓட்டம் குறைந்து, சர்க்கரையும் கூடியிருந்ததால். நாள் பூராவும் சேற்றிலும் வரப்பிலும் செருப்பில்லாமல் நடக்கிற நமக்கு இந்த இரண்டும் சேர்வது மற்ற தொழில்காரர்களைவிடப் பெரிய ஆபத்து.

எண் என்ன சொல்கிறது?

வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தச் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் நல்லது. 100 முதல் 125 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசலில் நிற்கிறோம். 126, அதற்கு மேல் என்றால் நோய். இன்னொரு முறை சோதித்து உறுதி செய்வார்கள்.

எச்பிஏ1சி என்று ஒரு சோதனை உண்டு. ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அதன்மேல் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாசத்துச் சராசரி தெரிந்துவிடும். டெஸ்டுக்கு முந்தின நாள் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. 5.7-க்குக் கீழே சரி, 5.7 முதல் 6.4 வரை வாசல், 6.5, அதற்கு மேல் நோய்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் வெளியானது. நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், இன்னும் 13.6 கோடிப் பேர் அந்த வாசலில் நிற்கிறார்கள் என்றும் அது மதிப்பிட்டது. டவுன்காரர் நோய் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் போய்விட்டது.

எந்த மாத்திரை என்ன வேலை செய்கிறது?

மாத்திரைப் பட்டையில் கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் மருந்தின் பெயர் இருக்கும். அதைப் படிக்கப் பழகுங்கள். ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்து சேர்ந்தும் வரும்.

*மெட்ஃபார்மின்:* மேட்டுக் குளத்தின் மதகை இறுக்குவது, அதாவது கல்லீரல் விடும் சர்க்கரையைக் குறைப்பது இதன் முக்கிய வேலை. இதன் கதை நமக்குப் பிடிக்கும். ஐரோப்பாவில் 'கலேகா' என்று ஒரு பயறு வகைச் செடி. நாட்டு வைத்தியத்திலும் இருந்தது. தீவனமாக மேய்ந்த ஆடுகளுக்கு அது விஷமாகவும் ஆனது. அந்தச் செடியில் இருந்த ரசாயனத்தை ஆராய்ந்த வழியில் வந்ததுதான் மெட்ஃபார்மின். 1957-ல் பிரான்ஸ் மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் இதைச் சர்க்கரை நோய்க்குப் பயன்படுத்தி எழுதினார். ஆரம்பத்தில் சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். சாப்பாட்டோடு எடுத்தால் குறையும். பல வருசம் சாப்பிட்டால் பி12 சத்து குறையலாம். சிறுநீரகச் சோதனையும் அவ்வப்போது வேண்டும்.

*கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு:* கணையத்தை விரட்டி அதிக ஆள் அனுப்ப வைக்கும் மாத்திரைகள். விலை குறைவு, வேகமாகக் கேட்கும். ஆனால் சாப்பாடு தாமதமானாலும் ஆள் வந்துகொண்டே இருப்பார். சர்க்கரை ரொம்பக் கீழே போய்விடும். உழவர்கள் கவனிக்க வேண்டிய மாத்திரை இதுதான். கீழே விரிவாகச் சொல்கிறேன்.

*சிட்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின்:* 'சாப்பாடு வந்திருக்கு' என்று குடல் கணையத்துக்கு அனுப்பும் சேதி சீக்கிரம் அழியாமல் பார்த்துக்கொள்ளும். சாப்பிட்டால்தான் வேலை செய்யும் என்பதால் தாழ்சர்க்கரை பயம் குறைவு.

*டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்:* கலங்கலின் உயரத்தைக் குறைத்துச் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். 1835-ல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையில் பிரித்தெடுத்த ஒரு பொருளிலிருந்து வளர்ந்த மருந்துகள் இவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்கின்றன. ஆனால் சிறுநீர் அதிகம் போகும். கத்திரி வெயிலில் வேலை செய்கிறவர் தண்ணீர் குடிக்கத் தவறக் கூடாது. பிறப்புறுப்பில் அரிப்பு வந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வாந்தி, பேதி, காய்ச்சல் வந்தாலோ, விரதம் இருந்தாலோ இதைத் தொடரலாமா என்று உடனே டாக்டரைக் கேளுங்கள்.

*வோக்லிபோஸ், அகார்போஸ்:* வரத்து வாய்க்காலைக் குறுக்கும். குடலில் மாவுச்சத்து உடைவதை மெதுவாக்கும். அகார்போஸைத் தருவது மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர். மண்ணை உயிராகப் பார்க்கிற நமக்கு இது ஆச்சரியம் இல்லை. வயிறு உப்புசம், வாயு வரும்.

*பியோகிளிட்டசோன்:* தூர்ந்த மடையைத் தூர்வாரும். கால் வீக்கம், எடை கூடுதல் வரலாம். இதயக் கோளாறு இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

*இன்சுலின்:* நம்ம ஆள் போதவில்லை, வெளியூர் ஆளைக் கூப்பிடுகிறோம். அவ்வளவுதான். 'ஊசி போட்டா கடைசிக் கட்டம்' என்பது தப்பு. 1921-ல் கனடாவின் டொரண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். அதன் காப்புரிமையைப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். விதைக்கே காப்புரிமை கேட்கிற காலத்தில் இருக்கிற நாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையா? பெரிய மண்பானைக்குள் சின்ன மண்பானை வைத்து, நடுவில் மணல் போட்டு ஈரமாக வையுங்கள். இன்சுலினைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு உள்பானையில் வைத்து, ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்கலாம். பிரித்த இன்சுலினைப் பொதுவாக நாலு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். டிராக்டர் பெட்டி, வண்டி சீட்டுக்கு அடியில் வைத்தால் வெயிலில் வீரியம் போய்விடும். ஃபிரீசரிலும் வைக்கக் கூடாது.

வயலில் தாழ்சர்க்கரை

காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு களையெடுக்கப் போகிறோம். பத்து மணிக் கஞ்சி பன்னிரண்டு ஆகிறது. உடல் உழைப்பும் சர்க்கரையை இறக்குகிறது. திடீரென்று வியர்வை, கை நடுக்கம், அகோரப் பசி, படபடப்பு, கண் இருட்டல், சம்பந்தமில்லாத பேச்சு. வெயில் மயக்கம் என்று நினைத்துவிடுவோம். சர்க்கரை 70-க்குக் கீழே போயிருக்கும்.

உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிசத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை. அப்புறம் சாப்பாடு. வோக்லிபோஸ், அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை, வெல்லம் சீக்கிரம் வேலை செய்யாது. அவர்கள் குளுக்கோஸ் பவுடர் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருக்க வேண்டும். நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள்.

கூட வேலை செய்கிறவர்களிடம் 'எனக்குச் சர்க்கரை இருக்கு' என்று சொல்லி வையுங்கள். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

நம்ம சாப்பாடு எவ்வளவு தூரம் காப்பாற்றும்?

இங்கேதான் நாம் நமக்குள் நேர்மையாகப் பேச வேண்டும்.

100 கிராம் தீட்டிய பச்சரிசியில் சுமார் 78 கிராம் மாவுச்சத்து. சாமை, வரகு, கேழ்வரகில் 65 முதல் 67 கிராம். நார்ச்சத்தும் தாதுக்களும் இவற்றில் அதிகம். ஆனால் மாவுச்சத்து இல்லாமல் இல்லை. அதையும் மைய அரைத்துக் கூழாகக் குடித்தால் இன்னும் வேகமாக ரத்தத்தில் ஏறும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அதே ஆய்வில் மக்களின் சாப்பாட்டை அலசி 2025-ல் வெளியிட்டார்கள். நம் மக்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த அளவைக் குறைக்காமல் வெள்ளை அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானிய மாவோ மாற்றியதால் மட்டும் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பருப்பு, பயறு, பால் பொருள் மாதிரிப் புரதம் சேர்த்தால் குறைகிறது.

ஆக, காட்டுயானம் சாப்பிடுங்கள், ஆனால் தட்டில் கால் பங்கு. பாதித் தட்டு கீரை, காய். மீதி பயறு, பருப்பு, முட்டை, மீன். ஊடுபயிராகப் போட்ட உளுந்தும் தட்டப்பயறும் சந்தைக்கு மட்டும் போக வேண்டாம், நம் தட்டுக்கும் வரட்டும்.

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் விற்கிற நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ரசாயனம் இல்லாதது நல்லதுதான். ஆனால் ரத்தத்தில் ஏறும் விசயத்தில் இவையும் சர்க்கரைதான். 'சுகர் பேஷண்ட் தாராளமா சாப்பிடலாம்' என்று சொல்லி விற்பது நம் பேருக்கே கேடு.

சிறுகுறிஞ்சான், வெந்தயம், பாகல், ஆவாரம்பூ இவற்றுக்குச் சர்க்கரையைக் குறைக்கும் குணம் ஓரளவு உண்டு. அதனாலேயே மாத்திரையோடு சேர்த்து எடுக்கும்போது தாழ்சர்க்கரை வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள். சித்த மருத்துவம் வேண்டும் என்றால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. ரத்த ரிப்போர்ட்டோடு பட்டம் பெற்ற மருத்துவரைப் பாருங்கள். பேர் போடாத சூரணப் பொட்டலங்களை வாங்காதீர்கள். அப்படிப்பட்ட பொடிகளில் அலோபதி மாத்திரையையே அரைத்துக் கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

அப்படியானால் சாப்பாடும் உழைப்பும் வீணா? இல்லவே இல்லை. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, வாசலில் நிற்கும் 531 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2006-ல் வந்தது. சாப்பாட்டு மாற்றமும் உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தவர்களுக்கு 26.4 சதவீதம். வாசலில் நிற்கும்போது தட்டும் நடையும் மாத்திரைக்குச் சமமாக நிற்கின்றன.

நோய் வந்த பிறகும், ஆரம்ப வருசங்களில் எடையை நன்றாகக் குறைத்துச் சிலர் மாத்திரையிலிருந்து வெளியே வருகிறார்கள். ஆனால் அது டாக்டர் கண்காணிப்பில், எச்பிஏ1சி பார்த்து, படிப்படியாக. உடம்பு லேசாக இருக்கிறது என்பது எண் ஆகாது.

சூணாம்பேடு காட்டிய வழி

செய்யூர் வட்டத்தில் இருக்கிறது சூணாம்பேடு. அங்கே மருத்துவர் வி. மோகனின் ஆராய்ச்சி நிறுவனம் 2006-ல் ஒரு வேலையைத் தொடங்கியது. சோதனைக் கருவிகளோடு ஒரு வேன், சுற்றிலும் உள்ள 42 கிராமங்களுக்குப் போனது. கண்ணைப் படம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பி டாக்டர்கள் பார்த்தார்கள். ஊர்க்காரர்களையே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தார்கள். நோய் இருந்தவர்களின் சராசரி எச்பிஏ1சி ஒரே வருசத்தில் 9.3-லிருந்து 8.5 ஆகக் குறைந்தது. சோதனை ஊருக்கு வந்தால், மருந்து தொடர்ந்து கிடைத்தால், கிராமத்தில் சாத்தியம் என்று நம் மாவட்டத்திலேயே பார்த்தாகிவிட்டது.

இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. காசில்லை என்று நிறுத்த வேண்டியதில்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

• 30 வயசைத் தாண்டியவர்கள் ஒரு முறையாவது சோதியுங்கள். நோய் இருப்பவர்கள் மூணு மாசத்துக்கு ஒரு முறை எச்பிஏ1சி, வருசம் ஒரு முறை கண், சிறுநீரகம், கால்.

• தினம் சாயங்காலம் காலைக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலை வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கண்ணாடியைக் கீழே வைத்துப் பார்க்கலாம், வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லலாம். நடவு தவிர மற்ற நேரம் செருப்பு போடுங்கள்.

• காலில் புண் என்றால் மஞ்சளும் சுண்ணாம்பும் சாணியும் வேண்டாம். அன்றைக்கே ஆஸ்பத்திரி.

• சாப்பாட்டை மாற்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். "நான் இப்படி மாத்தியிருக்கேன், மாத்திரையைக் குறைக்க முடியுமா?" என்று கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

யூரியாவை நிறுத்தினபோது நாம் கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தவில்லை. மண்ணைப் பார்த்தோம், தழைச்சத்து ஏற்றினோம், பயிர் பச்சையைப் பார்த்துப் பார்த்துக் குறைத்தோம். நம் உடம்புக்கும் அந்த அக்கறையைக் காட்ட வேண்டாமா?

அந்தப் பெரியவர் இப்போதும் காட்டுயானம்தான் சாப்பிடுகிறார், அளவாக. வயல் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் சர்க்கரை அளவு எழுதுகிறார். போன முறை போனபோது டாக்டரே அந்த நோட்டைப் பார்த்து ஒரு மாத்திரையைக் குறைத்திருக்கிறார்.

"இப்பக் குறைச்சாங்க பாரு தம்பி, இதுதான் கணக்கு" என்று சிரித்தார். காலில் புதுச் செருப்பு.